கெர்கெலன்: கண்டுபிடித்தவரையே சிறையில் தள்ளிய தீவா?

கேள்வி, 2 ஜூலை 2025

வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கெர்கெலன் என்று ஒரு தீவாம். அதைக் கண்டுபிடித்த குற்றத்துக்காகவே பிரெஞ்சு அரசு ஒரு கேப்டனைச் சிறையில் போட்டதாம். இன்றைக்கு அங்கே மனிதர் யாரும் இல்லை, பூனைகள்தான் ராஜ்ஜியம் நடத்துகின்றனவாம். இதில் எது நிஜம், எது கதை? கப்பலில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2 ஜூலை, இரவு

பாதி நிஜம், பாதி கதை. நான் தூத்துக்குடிக்காரன், 26 வருஷம் சரக்குக் கப்பலில் ஓடியவன். 1998இல் கெர்கெலனைக் கடந்து போயிருக்கிறேன். இறங்கியதில்லை. இறங்க அங்கே ஒன்றுமில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். போர்பந்தர் கரையில் நின்று தெற்கே நூல் பிடித்த மாதிரி போனால் சுமார் 7,800 கி.மீ. தள்ளி நேராக இதன் மேல்தான் முட்டுவீர்கள். நடுவில் ஒரு துண்டு நிலம்கூடக் குறுக்கே வராது. கடிகாரத்தில் நமக்கும் அவர்களுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். இடமோ தெற்கு 49 பாகை. ஒரு பெரிய தீவு, சுற்றிலும் பொடிசு பொடிசாக முந்நூறு. எல்லாம் சேர்த்து 7,200 சதுர கி.மீ. சொச்சம், அதாவது தென்காசி பிரிவதற்கு முந்தைய திருநெல்வேலி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மரம் ஒன்றுகூடக் கிடையாது. விமானத்தளமும் இல்லை. ஆண்டு சராசரி வெப்பநிலை 5 பாகைக்குள். காற்று மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் அடித்தால் அங்கே அது செய்தியே இல்லை.

சிறை விஷயம் நாளைக்கு. கரண்ட் போய்விட்டது.

3 ஜூலை

ஆள் பெயர் இவ்-ஜோசஃப் தெ கெர்கெலன். பிரான்சின் பிரெத்தாஞ் கரைக்காரர். தெற்கே ஒரு பெரிய கண்டம் இருக்கிறது, அதைக் கண்டுபிடி என்று பதினைந்தாம் லூயி அனுப்பினார். 1772 பிப்ரவரி 12இல் பனிமூட்டத்துக்கு நடுவே கரை தெரிந்தது. இரண்டு கப்பல்கள். ஒன்று இவருடையது. இன்னொன்றின் பெயர் குரோ வாந்த்ர். தமிழில் சொன்னால் ‘பெரிய தொந்தி’. கிண்டலுக்குச் சொல்லவில்லை, பெயரே அதுதான். அதன் தலைவர் சேன்-அலுவார்ன்.

மறுநாள் தொந்திக் கப்பலின் அதிகாரி ஒருவர்தான் படகில் போய்க் கரையேறி, பிரெஞ்சு மன்னருக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டு வந்தார். கெர்கெலன் இறங்கவே இல்லை. காற்றிலும் மூட்டத்திலும் கூட வந்த கப்பல் பிரிந்துபோனது. இவர் தேடி நிற்காமல் மொரிஷியஸ் பக்கம் திருப்பிவிட்டார். அங்கிருந்து பிரான்சுக்குப் போய் மன்னரிடம் அளந்தார் பாருங்கள்: தென்கண்டத்தின் நடுப்பகுதியையே கண்டுவிட்டேன், அதற்குப் பெயர் தென் பிரான்சு, பயிர் விளையும், மரம் கிடைக்கும், தாது கிடைக்கும், வைரம்கூடக் கிடைக்கலாம். மன்னர் பதவி உயர்வும் பதக்கமும் கொடுத்தார்.

1773இல் மூன்று கப்பல்களோடு திரும்ப அனுப்பினார்கள். வாரக்கணக்கில் மூட்டமும் புயலும். 1774 ஜனவரி 6இல் வேறொரு அதிகாரி கரையேறி, ஒரு புட்டியில் சாசனம் எழுதி வைத்துவிட்டு வந்தார். இந்த முறையும் கெர்கெலன் கால் மண்ணில் படவில்லை. தென் பிரான்சு பொய் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது. ஊர் திரும்பியதும் விசாரணை, பதவி நீக்கம், சோமூர் கோட்டையில் சிறை.

ஆகவே கண்டுபிடித்ததற்காக இல்லை, பொய் சொன்னதற்காக.

4 ஜூலை

நேற்று அவசரப்பட்டு முடித்துவிட்டேன். பொய் மட்டும் காரணம் இல்லை. ராணுவ நீதிமன்றத்தில் அவர் மேல் வந்த குற்றச்சாட்டுகளில் கப்பலில் ஓர் இளம்பெண்ணை ரகசியமாக ஏற்றிப் போனது ஒன்று, சொந்தமாக வியாபாரம் பார்த்தது ஒன்று, முதல் பயணத்தில் துணைக்கப்பலை விட்டுவிட்டு வந்தது ஒன்று. 1778இலேயே வெளியே வந்துவிட்டார்.

பெண்ணையும் வியாபாரத்தையும் விடுங்கள். துணைக்கப்பலை விட்டு வந்ததை எந்தக் கப்பல்காரனும் மன்னிக்க மாட்டான். இவர் பிரான்சில் வைரக்கதை சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் சேன்-அலுவார்ன் என்ன செய்தார் தெரியுமா? தலைவருக்காகக் காத்திருந்து பார்த்தார். வரவில்லை. கொடுத்த உத்தரவுப்படி கிழக்கே ஆஸ்திரேலியா வரைக்கும் போய், 1772 மார்ச் 30இல் அதன் மேற்குக் கரையைப் பிரான்சுக்கு உரியது என்று அறிவித்தார். திமோர், பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாக மொரிஷியஸ் வந்து சேர்ந்தபோது உடம்பு போய்விட்டது. அதே ஆண்டில் அங்கேயே இறந்தார். தீவுக்கு வைத்த பெயரோ கெர்கெலன்.

5 ஜூலை

என்னோடு ஒரே கப்பலில் ஓடிய பழைய நண்பர் போன் செய்து திட்டினார். “கெர்கெலனைக் கடந்து போனேன்னு எழுதியிருக்கியே, நாம எந்த லாட்டிட்யூட்ல போனோம்?”

41இல் போனோம். தீவு 49இல். நடுவில் 8 பாகை, 480 கடல் மைல். தூத்துக்குடியில் நின்றுகொண்டு ஐதராபாத்தைக் கடந்தேன் என்று சொல்கிற மாதிரி. ஒப்புக்கொள்கிறேன். கெர்கெலன் கேப்டனைப் பொய்யன் என்று எழுதிய கையோடு நானும் மாட்டிக்கொண்டேன்.

6 ஜூலை

சரி, நிஜமாக நடந்தது இது. 1998 பிப்ரவரி. டர்பனில் இறக்கிவிட்டு ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் கோதுமை ஏற்ற வெறும் கப்பலாகப் போகிறோம். உருண்டை உலகத்தில் தெற்கே வளைந்து போனால்தான் தூரம் குறைவு. அதற்காக ரொம்பவும் இறங்கினால் கடல் உடைத்துவிடும். 41ஓடு நிறுத்திக்கொண்டோம். நான் செகண்ட் ஆபிசர், பகலில் 12-4 வாட்ச், அதாவது காவல் முறை, இரவிலும் அதே 12-4.

சரக்கில்லாத கப்பல், பின்னாலிருந்து வரும் மேற்கத்திய அலையில் ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அது தொட்டில் ஆட்டம் இல்லை. ஒரு பக்கம் சாயும், யோசிக்கும், அப்புறம் சட்டென்று மறுபக்கம் விழும். சாப்பாட்டு மேசை விரிப்பை நனைத்துப் போட்டால்தான் தட்டு நழுவாது. சீஃப் குக் சாம்பார் அண்டாவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். கால்வாசிக்கு மேல் நிரப்ப மாட்டார். பத்து நாளும் கால்வாசி சாம்பார்தான்.

அங்கேதான் முதன்முதலாக அல்பட்ராஸ் என்ற பெரிய கடல்பறவையைப் பார்த்தேன். கப்பலை ஓட்டும் மேல்தளத்தின் திறந்த ஓரமான பிரிட்ஜ் விங்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கண் மட்டத்துக்கு வந்துவிட்டது. இறக்கை விரிப்பு மூன்று மீட்டருக்கு மேல். அடிக்கவே இல்லை. அலையின் பள்ளத்தில் இறங்கும், காற்று எதிர்ப்படும் இடத்தில் ஏறும், ஒரு பெரிய வளைவு எடுத்துத் திரும்பக் கப்பலுக்கே வரும். ஐந்து நிமிஷம் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒரு தடவைகூடச் சிறகடிக்கவில்லை. தலையை மட்டும் லேசாகத் திருப்பி என்னைப் பார்த்தது. பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத பெரியவர் நம்மைப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், பென்சில் கோடு போட்டபோது கீழே பிரெஞ்சுப் பெயர்களோடு ஒரு நண்டு மாதிரி தீவு தெரிந்தது. கெர்கெலன் என்ற பெயரை அன்றைக்குத்தான் முதலில் படித்தேன். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு.

8 ஜூலை

புட்டி என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. ஜேம்ஸ் குக் கையில் சிக்கியது.

குக் தன் மூன்றாவது பயணத்தில் 1776 டிசம்பர் 25இல் அங்கே நங்கூரம் போட்டார். அதனால்தான் அது கிறிஸ்துமஸ் துறை. ஆனால் அன்றைக்குப் பண்டிகை கிடையாது, தண்ணீர் பிடிக்கிற வேலை. இரண்டு நாள் முதுகொடிய உழைத்த பிறகு 27ஆம் தேதி விடுமுறை விட்டார். கரையில் சுற்றப் போன மாலுமி ஒருவர் சாயங்காலம் ஒரு புட்டியோடு வந்தார், பாறையில் கம்பியால் கட்டியிருந்ததாம். உள்ளே தோல் சுருளில் பதினைந்தாம் லூயி பெயரோடு லத்தீன் வாசகம். குக் அதன் பின்பக்கத்தில் தன் கப்பல்களின் பெயரையும் ஆண்டையும் எழுதி, ஒரு வெள்ளி இரண்டு பென்னி நாணயத்தையும் போட்டு மூடித் திரும்ப வைத்துவிட்டார். வந்து போனதற்கு ஒருவர் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவர் கையெழுத்து, அந்தக் காலத்து முறை.

இந்த இடத்துக்குப் பாழ்தீவு என்றே பெயர் வைத்திருப்பேன், கெர்கெலனுக்குரிய பெருமையைப் பறிக்க மனமில்லை என்று குக் எழுதிவைத்தார். பாராட்டா குத்தலா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. பாழ்தீவு என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

துறையின் வாசலில் கல்லால் ஆன பிரம்மாண்ட வளைவு ஒன்று இருந்தது, கோபுர வாசல் மாதிரி. குக்கின் ஆட்கள் வரைந்த படத்தில் இருக்கிறது. 1908க்கும் 1913க்கும் நடுவில் எப்போதோ வளைவு இடிந்து விழுந்தது. பார்க்க ஆள் இல்லாததால் தேதி தெரியாது. இரண்டு தூண்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன.

9 ஜூலை

குக்கின் கப்பல் மருத்துவர் வில்லியம் ஆண்டர்சன் கண்ணில் அங்கே ஒரு கோஸ் பட்டது. நாம் வாங்குகிற முட்டைக்கோஸின் தூரத்துச் சொந்தம், கடுகுக் குடும்பம். தடித்த தண்டு, மேலே கோஸ் மாதிரி இலைக்கொத்து. கெர்கெலன் கோஸ் என்பார்கள். அறிவியல் பெயர் பிரிங்ளியா, அதைக் கண்டெடுத்தவரின் பெயரிலிருந்து வந்தது.

மாதக்கணக்கில் உப்பிட்ட கறியும் பிஸ்கட்டும் தின்று ஈறு அழுகிச் சாகிற ஸ்கர்வி காலத்தில், வைட்டமின் சி நிறைந்த ஒரு கீரை நடுக்கடலில் முளைத்து நின்றால் அது அமுதம்தான். 1840இல் ராஸ் என்ற பிரிட்டிஷ் கேப்டன் தலைமையில் வந்த இரண்டு கப்பல்களின் ஆட்கள் 130 நாள் வேறு காய்கறியே இல்லாமல் இதைத் தின்று சமாளித்தார்கள். அந்தக் கப்பலில் வந்த இளைஞர் ஜோசஃப் ஹூக்கர்தான் செடியை முறையாக விவரித்தவர். நல்ல குளிர்காலம் அது. பாறையோடு உறைந்துபோன பாசிகளைச் சுத்தியலால் தட்டி எடுத்தாராம். எடுக்க வராதவற்றின் மேல் உட்கார்ந்துகொள்வாராம், சூட்டில் இளகும்வரை. தாவரவியலுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

9 ஜூலை, பின்னிரவு

திருத்தம். பிரிங்ளியா என்பது கண்டெடுத்தவரின் பெயர் இல்லை. அப்போது லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த ஜான் பிரிங்கிள் என்ற மருத்துவரின் பெயர். ஆண்டர்சன் அவருக்கு மரியாதை செய்திருக்கிறார். கண்டெடுத்தவன் பெயர் எங்கேயும் நிலைப்பதில்லை போல, தொந்திக் கப்பல் தலைவருக்கு ஆனதே இவருக்கும்.

பொரியல் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ருசி முள்ளங்கியும் கடுகும் சேர்ந்த காரம் என்று எழுதியிருக்கிறார்கள், நான் தின்றதில்லை. தேங்காய்க்கு எங்கே போவீர்கள்?

12 ஜூலை

கோஸில் இன்னொரு விசேஷம். கடுகுக் குடும்பம் பொதுவாகப் பூச்சிகளை நம்பி மகரந்தம் கடத்தும். இது காற்றை நம்புகிறது. ஏனென்றால் அந்தத் தீவுக்கே உரிய பூச்சிகளில் ஏறக்குறைய எதுவும் பறப்பதில்லை.

ஈ இருக்கிறது, இறக்கை இல்லை. அந்தக் கோஸ் இலை மடிப்பிலேயே பிறந்து செத்துப்போகிற ஈ, நடந்து திரியும், பார்த்தால் எறும்பு என்பீர்கள். விட்டில் இருக்கிறது, இறக்கை குட்டையாகிப் பறக்க முடியாமல் தரையில் தாவும். இந்த மாதிரித் தீவுகளில் பறக்கிற பூச்சியைக் காற்று கடலுக்குள் அடித்துப் போய்விடும், பறக்காதது தப்பிக்கும் என்றார் டார்வின். ஹூக்கர் ஒப்புக்கொள்ளவில்லை. நண்பர்கள்தான் இருவரும், வருஷக்கணக்கில் இது பற்றிக் கடிதச் சண்டை. தென்கடல் தீவுகளின் பூச்சிகளை எல்லாம் கணக்கெடுத்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு என்றது. காற்று மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி வெற்றி.

13 ஜூலை

பூனைக்கு வருகிறேன். திமிங்கில வேட்டைக்காரர்கள் கொண்டுவந்த பூனைகள் என்று நேற்று ஒருவரிடம் போனில் அடித்துச் சொல்லிவிட்டேன், தப்பு. இப்போது இருக்கும் பூனைப் பெருக்கம் 1950களின் தொடக்கத்தில் வந்ததிலிருந்து. அப்போதுதான் போர்-ஓ-ஃபிரான்சே என்ற ஆராய்ச்சி முகாமைப் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தார்கள். சமையல்கட்டில் எலித் தொல்லை. நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம், ஒரு பூனையைக் கொண்டுவா என்றிருப்போம்.

எலியைப் பிடிப்பது சிரமம். வளைக்குள் முட்டையிடும் பெட்ரல் பறவையைப் பிடிப்பது சுலபம். தரையில் நடந்து வருகிற மிருகம் எதையும் பார்த்தே பழகாத பறவை அது. 1970களில் போட்ட மதிப்பீட்டின்படி பூனைகள் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பறவைகளைத் தின்றன. குளிர்காலத்தில் பெட்ரல்கள் கடலுக்குப் போனபின் பூனை பட்டினியில் குறைய வேண்டும். குறையவில்லை, ஏனென்றால் முயல் இருக்கிறது.

முயல் எப்படி வந்தது? 1874இல் வெள்ளிக் கோள் சூரியனின் குறுக்கே போவதைப் பார்க்க உலகமெங்கும் குழுக்கள் கிளம்பின. பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா மூன்றும் கெர்கெலனுக்கு ஆள் அனுப்பின. கப்பல் உடைந்து யாராவது கரையேறினால் தின்னட்டும் என்ற நல்லெண்ணத்தில் பிரிட்டிஷ்காரர்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து முயல்களைக் கொண்டுவந்து விட்டார்கள். முயல் கோஸைத் தின்று தீர்த்தது. அமுதம் முளைத்த பெரிய தீவில் இன்று கோஸைப் பார்க்க வேண்டுமானால் முயல் ஏற முடியாத பாறைமுகட்டையோ, முயல் போகாத குட்டித் தீவையோ தேட வேண்டும். 1950களில் முயலைக் கொல்ல ஒரு வைரஸைப் பரப்பினார்கள். நிறையச் செத்தன. மிச்சம் பிழைத்துப் பெருகிவிட்டன.

எலிக்குப் பூனை, பசிக்கு முயல், முயலுக்கு வைரஸ். பாட்டி கதையில் ஈயை விழுங்கியவள் பல்லியை விழுங்கிய மாதிரிப் போய்க்கொண்டே இருக்கிறது.

ஃபார்வர்டு சொன்ன ‘மனிதர் இல்லை’ என்பதும் பொய். அந்த முகாமில் குளிர்காலத்தில் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாக, கோடையில் நூறு சொச்சம் பேர் இருக்கிறார்கள். பிறந்து வளர்ந்தவர் யாரும் இல்லை, எல்லாரும் தவணைக்கு வந்து போகிறவர்கள்.

16 ஜூலை

ஆட்டுக்காரர்களைப் பற்றி எழுத நினைத்தே நாலு நாள் தள்ளிப்போட்டேன்.

போசியேர் சகோதரர்கள், பிரான்சின் லெ ஆவர் துறைமுகத்து வியாபாரிகள். 1893இல் தீவை ஐம்பது வருஷக் குத்தகைக்கு வாங்கினார்கள். ஃபாக்லாந்து தீவிலும் இதே குளிர், இதே காற்று, அங்கே ஆடு கொழிக்கிறது, இங்கே ஏன் கூடாது? கணக்கு தப்பில்லை. 1913இல் அங்கிருந்தே ஆடுகளை ஏற்றிவந்து போர்-கூவ்ரே என்ற இடத்தில் விட்டார்கள். முதல் உலகப்போர் வந்தது, எல்லாம் போயிற்று. 1920களின் கடைசியில் மறுபடியும் முயற்சி, இந்த முறை குடும்பங்களோடு. மரமில்லாத தீவில் மரவீடு, கப்பல் எப்போது வரும் என்று தெரியாத வாழ்க்கை. சிலர் இறந்தார்கள். 1931இல் மிச்சம் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இந்தக் குடும்பங்களைப் படித்தால் எனக்குக் கெர்கெலன் கேப்டனின் வைரக்கதைதான் ஞாபகம் வருகிறது. ‘பயிர் விளையும்’ என்று அவர் சொன்னதை நூற்றைம்பது வருஷம் கழித்தும் நம்பியிருக்கிறார்கள். அவராவது இறங்காமல் சொன்னார்.

ஆடு போயிற்று, ஆட்டோடு வந்த ஒன்று போகவில்லை. ஃபாக்லாந்திலிருந்து வைக்கோலிலோ சாமானிலோ ஒட்டி வந்த ஒரு சின்னக் கறுப்பு வண்டு. அதுவும் பறக்காது, நடந்தே தீவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இரை அந்த இறக்கையில்லாத ஈக்கள். போர்-கூவ்ரேயில் தழைத்த ஒரே குடியேற்றம் இதுதான்.

17 ஜூலை

“இது குமரிக்கண்டத்தின் மிச்சமா?” இந்தக் கேள்வி வரும் என்று முதல் நாளே எனக்குத் தெரியும்.

இல்லை. ஆனால் கேட்டவரைச் சிரித்து அனுப்ப மாட்டேன், ஏனென்றால் மூழ்கிய நிலம் அங்கே நிஜமாகவே இருக்கிறது. கெர்கெலன் ஒரு கடலடிப் பீடபூமியின் உச்சி. அந்தப் பீடபூமி இந்தியாவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பல காலம் அதன் பெரும்பகுதி தண்ணீருக்கு மேலே இருந்தது. கடலடியில் துளைபோட்டு எடுத்த கல்லில் மரத்துண்டும் கரியும் கிடைத்திருக்கின்றன. காடு இருந்திருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கதை, தமிழன் என்ன, குரங்குகூட இல்லாத காலம்.

நிஜமான இந்தியத் தொடர்பு வேறு. பூமிக்குள்ளிருந்து அந்த எரிமலைப் பாறையைக் கக்கிய அதே வெப்ப ஊற்றுதான் சுமார் 11.7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைப் பாறையையும் உண்டாக்கியது என்பது புவியியலாளர்கள் பெரும்பாலானோர் சொல்வது. அப்போது இந்தியா அங்கே, தெற்கே இருந்தது. பிறகு நாம் வடக்கே நகர்ந்து வந்துவிட்டோம்.

20 ஜூலை

சின்னச் செய்தி. 1957இல் ஓத் என்ற குட்டித் தீவில் பாரிஸ் மிருகக்காட்சி சாலையிலிருந்து ஒரு ஜோடி காட்டுச் செம்மறியை விட்டார்கள். ஒரு கிடா, ஒரு பெட்டை. இருபது வருஷத்தில் சுமார் எழுநூறு ஆயிற்று. எல்லாம் உடன்பிறப்புகளின் வழி. மரபணு தேய்ந்து நலிய வேண்டும் என்று கணக்கு. அளந்து பார்த்தால் எதிர்பார்த்ததைவிட வகைமை மிகுந்திருந்தது. வகைமை கூடிய குட்டிகள்தான் பிழைத்து நின்றன என்று விளக்கினார்கள். மேய்ந்தே தீவை மொட்டையாக்கின என்பதால் 2012க்குள் எல்லாவற்றையும் ஒழித்தார்கள்.

ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்த பத்துக் கலைமான்களும் உண்டு. அவை நீந்தியே பெரிய தீவுக்குப் போய் இன்று சில ஆயிரம்.

22 ஜூலை

இந்த ஊருக்குப் போவது எப்படி என்று கேட்கிறார்கள். மரியோன் துஃப்ரேன் என்ற கப்பல், 120 மீட்டர் நீளம், நீல உடம்பு. ரியூனியன் தீவிலிருந்து ஆண்டுக்கு நாலு தடவை கிளம்பும். அறிவியலாளர், சாமான், தபால், சில பயணிகள் எல்லாம் அதில்தான்.

அந்தக் கப்பலைப் பார்த்திருக்கிறேன், இது சத்தியம். ரியூனியன் துறைமுகத்தில் எங்கள் கப்பல் நின்றபோது பக்கத்துத் தளத்தில் கட்டியிருந்தது. கயிறு பிடிக்க வந்த ஒருவர் என் பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டு, தன் சட்டைப் பட்டையைத் தட்டிக் காட்டினார். முன்பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் நம் ஊர்த் தாத்தா பெயர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழர்களின் வழி, மலபார் என்று அங்கே சொல்வார்கள். தமிழ் தெரியாது. கோயில் தெரியும், தீமிதி தெரியும். நீலக்கப்பலைக் காட்டி எங்கே போகிறது என்று கேட்டேன். தோள் இரண்டையும் குறுக்கி, பல்லைக் கடகடவென்று அடித்துக் காட்டினார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

27 ஜூலை

முதல் குறிப்பில் ‘இறங்க அங்கே ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தேன். ஒரு கல்லூரிப் பெண் விடாமல் பிடித்துக்கொண்டார், “லட்சக்கணக்கில் பெங்குவின் இருக்கும்போது ஒன்றுமில்லையா?” அவர் சொல்வதுதான் சரி. அரசப் பெங்குவின் கூட்டம் ஒரே கடற்கரையில் லட்சம் நிற்கும். கருவெள்ளைச் சின்ன டால்பின் ஒன்று உண்டு, தென்னமெரிக்க முனையை விட்டால் அந்த இனம் வேறெங்கும் இல்லை, நடுவில் 8,500 கி.மீ. கடல். எப்படியோ வந்து தனிக் கிளையாகிவிட்டது.

எனக்குப் பிடித்தது யானைச் சீல். ஆண் மூன்று நாலு டன், மூக்கு தும்பிக்கைக்கு ஆரம்பம் போட்டுப் பாதியில் விட்ட மாதிரி. கரையில் கிடக்கும்போது மாவு மூட்டை, கடலுக்குள் போனால் இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை போகும். 2004 முதல் அதன் தலை மயிரில் ஒரு சின்னக் கருவியை ஒட்டி அனுப்புகிறார்கள். முங்கும்போதெல்லாம் வெப்பமும் உப்பும் அளக்கும், மூச்சுவிட மேலே வரும்போது செயற்கைக்கோளுக்கு அனுப்பும். எந்தக் கப்பலும் குளிர்காலத்தில் போகாத உறைகடல் ஓரத்திலிருந்து இன்று கடல் கணக்கு வருவது பெரும்பாலும் இந்தத் தலைகள் வழியாக. தோலுரிக்கும் பருவத்தில் கருவி தானாக விழுந்துவிடும்.

2024 அக்டோபரில் பக்கத்து குரோசே தீவுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது, நவம்பரில் கெர்கெலனுக்கும். பறவைகளோடு யானைச் சீல் குட்டிகளும் நிறையச் செத்தன. 2019இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். வைரஸ் பட்டியல் பார்த்து வருவதில்லை.

3 ஆகஸ்ட்

கடைசியாக ஒன்று, இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெர்கெலனைச் சுற்றிய கடலில் விலையுயர்ந்த ஒரு மீன் உண்டு, ரியூனியனில் லெஜின் என்பார்கள். 1990களில் திருட்டுக் கப்பல்கள் மொய்த்தன. இன்றும் தன் இருப்பிடத்தைச் சொல்லும் ஏஐஎஸ் கருவியை அணைத்துவிட்டு மீன் பிடிப்பவர்கள் உண்டு. கப்பலை மறைக்கலாம், ஆனால் ரேடாரை அணைத்துவிட்டு அந்தக் கடலில் ஓட முடியாது. அல்பட்ராஸோ கப்பலைக் கண்டால் மீன் குடல் கிடைக்கும் என்று தேடிப் போகும் பறவை. குரோசே, கெர்கெலன், ஆம்ஸ்டர்டாம் தீவுகளின் 169 அல்பட்ராஸ்களின் முதுகில் ரேடார் அலையை உணரும் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். அவை போய்ப் பார்த்த கப்பல்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் ஏஐஎஸ் இல்லாதவை. 2020இல் முடிவு வெளியானது.

பரணிலிருந்து 1998 டைரியை எடுத்துப் பார்த்தேன். சாம்பார் கறை அப்படியே இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு பக்கம்: “12-4. மேற்குக் காற்று, விசை 8. வலப்பக்கம் பறவை, மூன்றாம் நாள், அதேதானா தெரியவில்லை. ரேடார் 24 மைல், ஒன்றுமில்லை.”